சாவுக் கணக்கைப் படமாக வரைந்த நர்சு

கைவிளக்கு ஏந்திய காரிகை என்று பள்ளிக்கூடத்தில் படித்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை எல்லோருக்கும் தெரியும். அவர் கணக்கில் புலி என்பது பலருக்குத் தெரியாது.

1820-ம் ஆண்டு மே 12-ந் தேதி இத்தாலியில் உள்ள புளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரையே பெற்றோர் மகளுக்குச் சூட்டினார்கள். பணக்கார ஆங்கிலக் குடும்பம். மகள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போவதை வீட்டார் விரும்பவில்லை. அவர் கேட்கவில்லை.

கிரிமியா போர் மூண்டது. 1854 நவம்பரில் 38 நர்சுகளுடன் துருக்கியில் உள்ள ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். கட்டிடத்தின் அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. குண்டடிபட்டு வந்த சிப்பாய்கள் காயம் ஆறுமுன்பே காலராவிலும், வயிற்றுக் கடுப்பிலும் செத்தார்கள். 1855 மார்ச்சில் லண்டனில் இருந்து சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்தது. அதன் பிறகு சாவு மளமளவென்று குறைந்தது.

1856-ல் நாடு திரும்பினார். நாடே அவரைக் கொண்டாடியது. அவருக்கோ செத்த சிப்பாய்களின் நினைவு போகவில்லை. புள்ளிவிவர நிபுணர் வில்லியம் பாருடன் உட்கார்ந்து ராணுவப் பதிவேடுகளைப் புரட்டினார்.

1855 ஜனவரியில் படையில் இருந்தவர்கள் சுமார் 32 ஆயிரம் பேர். அந்த ஒரே மாதத்தில் தொற்று நோயால் மாண்டவர்கள் 2,761 பேர். போர்க் காயத்தால் மாண்டவர்கள் வெறும் 83 பேர்! தாம் இரவு பகலாகக் காத்த ஆஸ்பத்திரியே பலரைக் கொன்றிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாகப் புரிந்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள்.

இதை மந்திரிகளுக்கு எப்படிப் புரிய வைப்பது? பக்கம் பக்கமாக எண்களை அடுக்கினால் யார் படிப்பார்கள்? புள்ளிவிவரம் வறட்டுத்தனமாக இருப்பதே நல்லது என்பது பாரின் எண்ணம். அம்மையார் படம் வரைந்தார்.

வட்டத்தை 12 மாதங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு மாதமும் விரித்த விசிறி போல இருக்கும். சாவு அதிகமானால் விசிறியும் பெரிதாகும். நோய்க்கு நீலம், காயத்துக்கு சிவப்பு, மற்றவைக்கு கருப்பு. 1855 ஜனவரியில் நீலம் பூதம் போல் நிற்கிறது. சிவப்பைத் தேட வேண்டும். அடுத்த ஆண்டு ஜனவரியில் நோய்ச் சாவு 42 மட்டுமே. நீலம் சுருங்கிவிட்டது. எழுத்து வாசனை இல்லாதவனுக்கும் விஷயம் விளங்கிவிடும்.

1858-ல் இந்தப் படம் வெளிவந்தது. அதே ஆண்டு லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அந்தச் சங்கத்தில் இடம் பெற்ற முதல் பெண் அவரே.

இத்தனைக்கும், 1857 முதலே அவர் நோயாளி. பெரும்பாலும் அறைக்குள் இருந்தபடியே வேலை பார்த்தார்.

இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் இங்குள்ள ராணுவ முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி விவரம் திரட்டினார். வெள்ளைக்கார சிப்பாய்களில் ஆண்டுக்கு 1,000-க்கு 69 பேர் சாவதாக 1863-ல் அறிக்கை வந்தது. சுமார் 10 ஆண்டு கழித்து அவர் காட்டிய கணக்கில் அது 18 ஆகக் குறைந்திருந்தது. வெள்ளைக்காரர்களோடு அவர் நிற்கவில்லை. சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் பற்றியும் 1878-ல் எழுதினார்.

1910 ஆகஸ்டு 13-ந் தேதி தமது 90-வது வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தது. குடும்பத்தார் மறுத்து, கிழக்கு வெல்லோ என்ற சிற்றூரில் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் முழுப்பெயர்கூட இல்லை. இரண்டு எழுத்துக்களும், பிறந்த தேதியும், இறந்த தேதியும் மட்டுமே இருக்கின்றன.