எல்லாளன்: மகனுக்கும் தனக்கும் ஒரே சட்டம்

எல்லாளன் என்றதும் நாம் போரைத்தான் பேசுகிறோம். எனக்கு அவன் அனுராதபுரத்தில் நடத்திய 44 ஆண்டு ஆட்சியே முக்கியமாகப் படுகிறது. சோழ நாட்டிலிருந்து வந்து அசேலனை வென்ற அவனது நீதியைப் பதிவு செய்திருப்பது, அவனைத் தோற்கடித்தவனைப் போற்றும் மகாவம்சம்.

முறையிட வருபவர்கள் இழுப்பதற்காக, அவன் கட்டிலின் தலைமாட்டில் நீண்ட கயிற்றுடன் மணி தொங்கியது. திஸ்ஸ குளத்துக்குத் தேரில் போன அவனது ஒரே மகன், வழியில் கிடந்த கன்றை அறியாமல் ஏற்றிக் கொன்றான். தாய்ப்பசு மணியை அடித்தது. அதே சக்கரத்தால் மகனின் தலையைத் துண்டிக்கச் செய்தான் அரசன். மனுநீதிச் சோழனுக்கும் இதே கதை உண்டு என்பதால், இதை நடந்த சம்பவமாக நான் கொள்வதில்லை. மரண தண்டனையிலும் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்த சம்பவமே என்னைத் தொடுகிறது. ஒருநாள் அரசனின் தேர் நுகம் பட்டுத் தூபியொன்று சேதமானது. உடனே இறங்கி, தன் தலையையும் சக்கரத்தால் துண்டிக்குமாறு அமைச்சர்களிடம் கேட்டான். அவர்கள் தூபியைத் திருத்தினால் போதும் என்றனர். விழுந்த 15 கற்களுக்கு 15,000 கஹாபணம் செலவிட்டான், பௌத்தனல்லாத அந்த அரசன்.

அவனைக் கொன்ற துட்டகைமுனுவே நினைவுச்சின்னம் எழுப்பி, அவ்விடத்தை வாத்தியம் இசைத்தபடி கடக்கக்கூடாதென விதித்தான்.

பெரிய இடத்துப் பிள்ளை வாகனத்தால் மோதினால், பொலிஸ் நிலையத்துக்கு முறைப்பாட்டுக்கு முன்பே தொலைபேசி அழைப்பு போய்விடும் காலம் இது. நமக்குத் தேவை அந்தச் சக்கரமல்ல. யார் இழுத்தாலும் ஒலிக்கும் அந்த மணி.