கருங்காய்ச்சலை வென்ற உபேந்திரநாத்

ஸர் உபேந்திரநாத் பிரம்மச்சாரியின் பெயரை நம் தமிழ் மாணவரில் எத்தனை பேர் அறிவர்? சியால்தாவிலுள்ள நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியை நாம் கடந்து போகிறோம். அது காம்பெல் மருத்துவப் பள்ளியாக இருந்த நாளில் அவர் அங்கேதான் உழைத்தார்.

1873 டிசம்பர் 19-ல் பிறந்தவர். ரயில்வே டாக்டரின் மகன். கணிதத்தில் பட்டம் பெற்று, ரசாயனத்தில் எம்.ஏ. தேறி, அதன்பின் மருத்துவம் பயின்றார். மருந்தைத் தாமே சமைக்கத் துணிந்ததற்கு இந்த ரசாயனப் படிப்பே காரணம் என்பது என் எண்ணம். 1905-ல் காம்பெல் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார்.

அந்நாளில் காலா-அஸார் என்னும் கருங்காய்ச்சல் வங்கத்தையும் அஸ்ஸாமையும் சூறையாடிக்கொண்டிருந்தது. மண்ணீரல் வீங்கும், உடல் வற்றும், மருந்தில்லையேல் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். டம்டமில் நோயுற்று இறந்த சிப்பாயின் மண்ணீரலில் லீஷ்மனும், நம் சென்னையில் டானவனும் கண்ட கிருமியே காரணமென்று 1903-ல் தெரிந்தது. இருவர் பெயரையும் அக்கிருமி இன்றும் தாங்கி நிற்கிறது.

இக்கிருமியின் சூழ்ச்சியை நுண்ணுயிரியல் மாணவனான நான் படித்தபோது திகைத்துப் போனேன். பிறக்கும்போதே நம்முடன் பிறக்கும் காவற்படை ஒன்றுண்டு. அதில் விழுங்கணுக்கள் தலையாயவை. அயற்கிருமியைக் கண்டதும் விழுங்கி, உள்ளேயுள்ள அமிலப் பையில் இட்டுச் செரித்துவிடும். நட்சத்திரமீனின் இளம்புழுவில் முள்ளைக் குத்தி மெச்னிகாஃப் 1882-ல் இதைக் கண்டார். 1908-ல் நோபெல் பரிசும் பெற்றார். ஆனால் மணல் ஈ கடித்து நுழையும் கருங்காய்ச்சல் கிருமியோ, விழுங்கப்படுவதையே விரும்புகிறது! அமிலப் பையிலேயே குடியேறிப் பெருகுகிறது. காவலன் வயிறே கள்வன் வீடாகிறது. அப்படியிருக்க, உடல் தானே தப்புவது எங்ஙனம்?

ஆண்டிமனி உப்பொன்று 1915 முதல் வழக்கிலிருந்தது. அது கிருமியைக் கொன்றது, நோயாளியையும் வாட்டியது. சிகிச்சையோ மாதக்கணக்கில் நீண்டது. நஞ்சின் கொடுமையைத் தணிக்க உபேந்திரநாத் முனைந்தார். அவருக்குக் கிடைத்த அறையில் தண்ணீர்க் குழாயில்லை, எரிவாயு இணைப்பில்லை. வெளிச்சத்துக்குப் பழைய மண்ணெண்ணெய் விளக்கு. நம் ஆய்வகத்தில் அரைமணி மின்சாரம் நின்றாலே நாம் வேலையை மூடிவிடுகிறோம்! 1920-ல் ஆண்டிமனிச் சேர்மம் ஒன்றை யூரியாவுடன் இணைத்து யூரியா ஸ்டிபமைனை ஆக்கினார். நரம்பிலேற்றினால் இரண்டு மூன்று வாரங்களில் குணம் கண்டது. அஸ்ஸாமில் அம்மருந்தால் உயிர் பிழைத்தோர் ஏராளம்.

வெற்றியில் அவர் மயங்கவில்லை. குணமானவர் சிலரின் தோலில் பின்னாளில் முடிச்சுகள் தோன்றுவதையும், அவற்றுள் அதே கிருமி பதுங்கியிருப்பதையும் 1922-ல் அவரே எடுத்துரைத்தார். இன்றைக்கும் இந்நோயை ஒழிக்க முயல்வோருக்குப் பெருந்தொல்லை தருவது இதுவே.

1929-ல் நோபெல் பரிசுக்கு முன்மொழியப்பட்டார், கிட்டவில்லை. 1934-ல் ஸர் பட்டம் வந்தது. 1946 பிப்ரவரி 6-ல் மறைந்தார்.

பின்னாளில் பீகாரில் கிருமி ஆண்டிமனிக்கு அடங்க மறுத்தது. இப்போது ஆம்போடெரிசின் மருந்தை நுண்ணிய கொழுப்புத் திவலைகளில் பொதிந்து ஏற்றுகிறார்கள். திவலைகளைக் கண்ட விழுங்கணுக்கள் தம் வழக்கப்படி விழுங்குகின்றன. கிருமி குடியிருக்கும் அணுவுக்குள்ளேயே மருந்தும் போய்ச் சேர்கிறது.