பிரெட்டன் வுட்ஸில் ஒரு கோயம்புத்தூர்க்காரர்

சனிக்கிழமை காலை பார்சிப்பனியில் ரூட் 46-ல் இருக்கும் ஏதாவது ஒரு கேஸ் ஸ்டேஷனைப் பாருங்கள். நியூ ஜெர்சியில் நாமே இறங்கி கேஸ் போட்டுக்கொள்ளச் சட்டம் விடாது. ஆள் வந்து போட்டு முடிக்கும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்போம். அந்த ஐந்து நிமிஷத்தில் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். போனை எடுத்து, இன்னைக்கு டாலர் எத்தனை ரூபாய் என்று பார்ப்போம். ஒரு கண் பம்பில் ஓடும் எண்ணில், இன்னொரு கண் போனில். எண்ணெயும் நாணயமும். உலகத்தில் யார் சொல்லை யார் கேட்கணும் என்பதைப் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன.

அக்டோபர் வந்தால் இதே கார்கள் இலையின் நிறம் பார்க்க நியூ ஹாம்ப்ஷயர் மலைகளுக்குப் போகும். போகிற வழியில் வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையுமாக மவுண்ட் வாஷிங்டன் ஹோட்டல். அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாத தமிழ்க் குடும்பம் குறைவு. அந்த ஊரின் பெயர் பிரெட்டன் வுட்ஸ். 1944 ஜூலையில் 44 நாடுகள் கூடி டாலருக்குப் பட்டம் கட்டியது அங்கேதான். அந்தக் கூட்டத்தில் நம்ம கோயம்புத்தூர்க்காரர் ஒருவரும் இருந்தார். ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் என்று பொது அறிவுப் போட்டிக்குப் படித்திருப்போம். அதோடு விட்டுவிட்டோம். அவர் வாழ்க்கையில் இன்றைக்கும் நமக்குத் தேவையான பாடம் ஒன்று இருக்கிறது.

1892 அக்டோபர் 17-ல் கோவையில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படிப்பு, பிறகு சட்டம். ஆனால் அவரை இழுத்தது அரசியல். கோவை நகராட்சி, சென்னை சட்டமன்றம், டெல்லியில் மத்திய சட்டசபை என்று படிப்படியாக ஏறினார். நீதிக்கட்சியிலும் இருந்தார், சுயராஜ்யக் கட்சியிலும் இருந்தார். 1933-ல் மத்திய சட்டசபையின் தலைவரானார்.

அந்தக் காலத்தில் கோவையே மாறிக்கொண்டிருந்தது. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மலையிலிருந்து மின்சாரம் இறங்கி வந்ததும் ஊரைச் சுற்றிப் பஞ்சாலைகள் முளைத்தன. சக்தி எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே தொழில் வரும் என்பதை ஆலைக்காரர்களின் ஊரில் பிறந்த அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1932-ல் ஒட்டாவாவில் பிரிட்டிஷ் பேரரசின் பொருளாதார மாநாடு. இந்தியக் குழுவில் அவரும் போனார். பேரரசுக்குள் வரிச்சலுகை கொடுத்து வாங்கும் அந்த ஒப்பந்தம் லண்டனுக்குத்தான் லாபம் என்று இங்கே பலத்த எதிர்ப்பு. அதை ஆதரித்தவர் என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. 1934 தேர்தலில் தோற்றார். அடுத்த ஆண்டு கொச்சி சமஸ்தானத்தின் திவான் ஆனார். கொச்சித் துறைமுகம் பெரிய துறைமுகமாக வளர்ந்ததில் அவருக்குப் பங்குண்டு. எர்ணாகுளத்தில் சண்முகம் ரோட்டில் நடந்தவர்கள் அவர் பெயரின் மேல்தான் நடந்திருக்கிறார்கள்.

பிறகு உலகப்போர். இந்தியாவுக்கான கொள்முதல் குழுவின் தலைவராக 1941-ல் அமெரிக்கா வந்தார். பிரிட்டன் ஆயுதத்துக்கும் எண்ணெய்க்கும் அமெரிக்காவிடம் கையேந்தி நின்ற காலம் அது. பேரரசின் நாணயம் சுருங்கி, டாலர் மேலே வருவதை அருகில் இருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

அதே நேரத்தில் இந்தியாவில் வேறொரு கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. போருக்காகத் துணி, சணல், தானியம் என்று எல்லாவற்றையும் பிரிட்டன் இங்கிருந்து எடுத்தது. காசு உடனே கொடுக்கவில்லை. லண்டனில் ஒரு கணக்கில் பவுண்டாக எழுதி வைத்தது. மொய் நோட்டில் எழுதுவது மாதிரிதான். அந்த எழுத்தைப் பிணையாக வைத்து இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்தார்கள். விலைவாசி எகிறியது. 1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்ததற்கு அந்த விலையேற்றமும் ஒரு காரணம். போர் முடிந்தபோது லண்டன் நோட்டில் இந்தியாவின் பேரில் இருந்தது சுமார் 130 கோடி பவுண்டு. பசித்தவன் கொடுத்த கடன் அது.

மொய் எழுதினவனுக்குத் தன் வீட்டு விசேஷத்தின்போது அது திரும்பி வரணும் இல்லையா? அதைத்தான் இந்தியக் குழு பிரெட்டன் வுட்ஸில் கேட்டது. ஜெரமி ரைஸ்மன் தலைமையிலான அந்தக் குழுவில் செட்டியாரோடு சி.டி. தேஷ்முக்கும் ஏ.டி. ஷ்ராஃபும் இருந்தார்கள். புதிதாக உருவாகும் சர்வதேச நாணய நிதியம், இந்தப் பவுண்டு இருப்பில் ஒரு பகுதியையாவது டாலராக மாற்ற வழி செய்யட்டும் என்பது கோரிக்கை. பிரிட்டன் மறுத்தது, அமெரிக்காவும் மறுத்தது. கொடுத்தவரும் வாங்கியவரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று கதவை மூடிவிட்டார்கள். நிதியத்தில் இந்தியாவுக்கு 40 கோடி டாலர் பங்கு கிடைத்தது. அமெரிக்காவின் பங்கு 275 கோடி.

மூன்று வருஷத்தில் காட்சி மாறியது. காங்கிரஸ்காரர் அல்லாத செட்டியாரையே நேரு தன் முதல் அமைச்சரவையில் நிதியமைச்சர் ஆக்கினார். 1947 நவம்பர் 26-ல் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை அவர் படித்தார். பிரிவினை, அகதிகள், காஷ்மீர் சண்டை. வெளிநாட்டிலிருந்து தானியம் வாங்கணும், இயந்திரம் வாங்கணும். விற்கிறவர்கள் டாலர் கேட்டார்கள். இந்தியாவிடம் இருந்ததோ லண்டனில் பூட்டிய பவுண்டு. அந்த ஆண்டு ஜூலையில்தான் பிரிட்டன் பவுண்டை டாலராக மாற்றிக்கொள்ளத் திறந்துவிட்டிருந்தது. ஐந்தே வாரத்தில், ஆகஸ்ட் 20-ல், மறுபடி மூடிவிட்டது.

1948-ல் செட்டியார் லண்டன் போய் உட்கார்ந்து பேசினார். பிரிட்டன் விட்டுப்போன ராணுவச் சாமான்களுக்கு விலை, ஓய்வுபெற்ற வெள்ளைக்கார அதிகாரிகளின் பென்ஷன் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்தே கழிந்தன. மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். அதிலும் டாலராக மாற்றக்கூடியது சிறு பகுதிதான். முழுவதுமாகக் கிடைக்காமல் போவதைவிட இது மேல் என்று கையெழுத்துப் போட்டுத் திரும்பினார். சில வாரங்களில் பதவியும் போனது. வருமான வரி விசாரணைக்கான பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டது பற்றி எழுந்த சர்ச்சையில், ஆகஸ்டில் ராஜினாமா செய்தார்.

1949 செப்டம்பரில் பிரிட்டன் தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தது. 4.03 டாலராக இருந்த பவுண்டு ஒரே நாளில் 2.80 ஆனது. இந்தியாவின் சேமிப்பு, டாலர் கணக்கில், சுமார் முப்பது சதவீதம் கரைந்தது. இங்கே யாரும் ஒரு பைசா கூட எடுக்காமலே!

செட்டியார் கடைசி ஆண்டுகளைத் தமிழுக்குக் கொடுத்தார். தமிழிசை இயக்கத்தில் முன் நின்றார், சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதினார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். 1953 மே 5-ல் காலமானார். அப்போது ஈரான் தன் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கி, பிரிட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பவுண்டு கொடுத்தே வாங்க முடிந்த எண்ணெய் நின்றுபோனதால், பிரிட்டன் டாலர் கொடுத்து எண்ணெய் தேட வேண்டியிருந்தது. மூன்றே மாதத்தில் ஈரான் பிரதமர் மொசாடெக் கவிழ்க்கப்பட்டார்.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ள முடியாது. 1991-ல் வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறி, டாலர் தீர்ந்து, இந்தியா தங்கத்தை அடகு வைத்தது. 2022-ல் இலங்கையில் டாலர் இல்லாததால் எண்ணெய்க் கப்பலுக்குப் பணம் கொடுக்க முடியவில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் யாழ்ப்பாணத்து மீனவர்களின் படகுகள் கரையிலேயே கிடந்தன. அதே ஆண்டு ரஷ்யா சேர்த்து வைத்திருந்த சுமார் 30,000 கோடி டாலர் மேற்கு நாடுகளில் முடக்கப்பட்டது. பிறகு அந்த ரஷ்யா நமக்கு எண்ணெய் விற்று, ரூபாயாக வாங்கி, அதைச் செலவழிக்க வழி தெரியாமல் இந்திய வங்கிகளிலேயே வைத்திருந்தது. 1948-ல் செட்டியார் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது வேறொருவர். இந்த முறை மேசைக்கு எதிர்ப்புறம் இருந்தது நாம்!

அடுத்தவர் நோட்டில் எழுதியிருக்கும் பணம், அவர் கொடுக்கும்போதுதான் நம்முடையது. டாலர் போய் வேறு நாணயம் வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு செய்தி வருகிறது. வரட்டும். அந்தப் புது நாணயத்தை வைத்து, பூட்டு திறக்க யாரையும் கேட்காமல், நினைத்த நேரத்தில் ஒரு கப்பல் எண்ணெய் வாங்க முடியுமா? இதை மட்டும் கேளுங்கள். பதில் அதில் இருக்கிறது.

இந்த அக்டோபரில் அந்தச் சிவப்புக் கூரைக்கு முன்னால் போட்டோ எடுக்கும்போது, பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நம்ம தாத்தா ஒருத்தர் இங்கே வந்து, எங்க காசை எங்களுக்குக் கொடுங்கன்னு கேட்டார், அன்னைக்கு யாரும் கொடுக்கலைன்னு.