பரிசில் பெயர் இல்லாத விஞ்ஞானி

இராமன் விளைவைப் பற்றி உங்கள் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். அந்த ஆய்வில் சேர். சி. வி. இராமனோடு தோளோடு தோள் நின்று உழைத்த கே. எஸ். கிருஷ்ணனை அறிவீர்களா?

தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் 1898ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். கல்கத்தாவில் இராமனின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். 1928இல் இருவரும் திரவங்களினூடே ஒளியைச் செலுத்திப் பார்த்தனர். சிதறிய ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறியிருந்தது. ஒளி, சக்திச் சொட்டுகளாகவே மூலக்கூறுகளைச் சந்திக்கிறது. அப்போது சிறிது சக்தியைக் கொடுத்தோ பெற்றோ வருவதால் நிறம் மாறுகிறது. முதல் அறிவிப்பு இருவர் பெயரிலும் வெளிவந்தது. 1930இல் நோபல் பரிசோ இராமனுக்கு மட்டுமே கிடைத்தது.

அதற்கு முன்பே டாக்கா பல்கலைக்கழகம் சென்றிருந்த கிருஷ்ணன், அங்கே பளிங்குகளின் காந்த இயல்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். பரிசுக்குப் பின்னும் அந்த ஆய்வு தொடர்ந்தது. 1940இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக ஏற்றது. பின்னர் டில்லியில் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளரானார். 1961இல் காலமானார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையும் சேர்ந்து உழைத்த வேலைக்கு இன்னொருவர் மட்டும் பாராட்டுப் பெறும் நாள் வரலாம். அன்று இவரது கதையைச் சொல்லுங்கள். பரிசு வராதபோதும் அவருடைய வேலை நின்றுவிடவில்லை.