பாரதிக்குக் குருவான அயர்லாந்துப் பெண்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பாரதி விழாக்கள் நடைபெறும்போது பெண் விடுதலை பற்றிய அவரது பாடல்கள் தவறாது ஒலிக்கின்றன. ஆனால், அவர் குருவாக ஏற்றுக்கொண்ட அயர்லாந்துப் பெண்மணியின் பெயரை அம்மேடைகளில் நாம் அபூர்வமாகவே கேட்கிறோம்.

மார்கரெட் நோபிள் என்ற இயற்பெயர் கொண்ட சகோதரி நிவேதிதா, 1867 ஆம் ஆண்டு ஒக்டோபர் 28 ஆம் திகதி அயர்லாந்தின் வட பகுதியிலுள்ள டங்கனனில் மதகுரு ஒருவரின் மகளாகப் பிறந்தார். பஞ்சத்தாலும் அந்நிய ஆட்சியாலும் நொந்த அயர்லாந்து மக்கள், பிறரின் துயரைத் தமதாகக் கருதியதற்குச் சரித்திரத்தில் வேறு சான்றுகளும் உண்டு. 1846 இல் மூண்ட போரில் அமெரிக்க இராணுவத்திலிருந்து விலகி மெக்சிக்கோவுக்காகப் போரிட்டுத் தூக்குமேடை ஏறிய அயர்லாந்து வீரர்களை மெக்சிக்கோ மக்கள் இன்றும் நினைவுகூருகின்றனர். அதேவேளை, பிரித்தானியப் படையில் சேர்ந்து இந்தியாவை அடக்க வந்தவர்களிலும் அயர்லாந்தவர்கள் பலர் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை.

லண்டனில் ஆசிரியையாகப் பணியாற்றிய மார்கரெட், 1895 இல் அங்கு சுவாமி விவேகானந்தரைச் சந்தித்தார். 1897 ஜனவரியில் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமிகள் முதலில் கால்பதித்தது எமது கொழும்பிலேயாகும். மறு ஆண்டு ஜனவரியில் மார்கரெட் கல்கத்தாவை அடைந்தார். மார்ச்சில் தீட்சை பெற்று நிவேதிதாவானார். பாக்பஜாரில் சிறுமியருக்கான பாடசாலையை ஆரம்பித்தார். 1899 இல் பிளேக் நோய் பரவியபோது வீதிகளைத் தாமே துப்புரவு செய்யவும் அவர் தயங்கவில்லை.

1902 ஜூலையில் சுவாமிகள் மறைந்தார். கொழும்பு விவேகானந்த சபை தோன்றியதும் அவ்வாண்டிலேதான். அரசியலுக்கு அப்பாற்பட்டிருக்க வேண்டிய துறவியர் சங்கம் ஒருபுறம், விடுதலை இயக்கம் மறுபுறம் என்ற நிலையில், நிவேதிதா சங்கத்துடனான முறைசார் தொடர்பைத் துறந்தார். அச்சங்கத்தை விட்டு விலகுவது அவருக்கு இலகுவாக இருந்திருக்காது. எனினும் அம்முடிவு நேர்மையானது என்றே நாம் கருதுகிறோம். இரண்டிலும் ஒரு காலை வைத்திருந்தால் ஆட்சியாளரின் சினம் சங்கத்தின் மீதே பாய்ந்திருக்கும்.

1905 ஆம் ஆண்டுக் காசி காங்கிரஸுக்குப் பின்னர் கல்கத்தா சென்ற பாரதி அவரைச் சந்தித்தார். மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதா வினவியதாகவும், பாரதி அளித்த விடை அவருக்குத் திருப்தியளிக்கவில்லை என்றும் கூறுவர். 1908 இல் வெளியான ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலைப் பாரதி அவருக்கே சமர்ப்பித்தார்.

1911 ஒக்டோபர் 13 ஆம் திகதி, 44 வயது நிறைவதற்குச் சில நாட்களே இருக்கையில், டார்ஜிலிங்கில் நிவேதிதா காலமானார். இந்து, பௌத்த புராணக் கதைகள் பற்றி அவர் எழுதிவந்த நூல் பாதியிலேயே நின்றது. அதனைப் பூர்த்தி செய்து 1913 இல் வெளிவரச் செய்தவர், கொழும்பில் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.