தூண்டிற்கோலும் எழுதுகோலும்

கலிலேயாக் கடலில் வலை வீசிக் கொண்டிருந்த ஏழை மீனவர்களையே நம் ஆண்டவர் தம் முதற் சீடர்களாக அழைத்தார் என்பதை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். ஆகவே மீனவர் என்றதும் நம் உள்ளத்தில் ஒரு மதிப்பு எழுவது இயல்பே. ஆனால் வயிற்றுப் பிழைப்புக்காக அன்றி, விளையாட்டுக்காகவே ஆழ்கடலுக்குச் சென்று, தம்மைவிடப் பன்மடங்கு எடையுள்ள மீன்களோடு போராடுவோரும் உலகில் உண்டு. அவ்விளையாட்டில் பெரும் புகழ் பெற்றவர்களுள் ஒருவர் அமெரிக்க எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே. 1954ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற கதாசிரியராக அவரை நாம் அறிவோம். தூண்டிற்கோல் பிடித்த கைதான் அந்த எழுதுகோலையும் பிடித்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஹெமிங்வே 1899ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் சிகாகோ நகருக்கு அருகிலுள்ள ஓக் பார்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர், அன்னையார் இசை கற்பித்தவர். ஆறு மக்களுள் ஹெமிங்வே இரண்டாமவர். கோடை விடுமுறைதோறும் குடும்பத்தினர் மிச்சிகன் மாநிலத்திலுள்ள வாலூன் ஏரிக்கரைக்குச் செல்வர். அங்கேதான் தந்தையார் சிறுவனின் கையில் தூண்டிலைக் கொடுத்து மீன் பிடிக்கக் கற்றுத் தந்தார்.

அவர் பிறந்த அதே 1899ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கலிபோர்னியாவை அடுத்த காட்டலினா தீவின் அருகே சார்லஸ் ஹோல்டர் என்பவர் 183 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 83 கிலோ எடையுள்ள சூரை மீனைத் தூண்டிற்கோல் கொண்டு பிடித்தார். அத்தனை பெரிய மீனைக் கோலால் பிடித்தது அந்நாளில் பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான் அவர் அத்தீவில் டூனா கிளப் என்னும் சங்கத்தை நிறுவி, மீனுக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு அளிக்க வேண்டும் என்ற கொள்கையை வகுத்திருந்தார். எனவே இந்த விளையாட்டும் ஹெமிங்வேயும் ஏறக்குறைய ஒத்த வயதினர் எனலாம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1917இல் கான்சாஸ் சிட்டி ஸ்டார் என்னும் நாளிதழில் நிருபராகச் சேர்ந்தார். சிறு சிறு வாக்கியங்களில் வீண் சொல்லின்றி எழுத வேண்டும் என்பது அவ்விதழின் விதி. அந்தப் பழக்கம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. 1918இல் முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவ வண்டி ஓட்டுநராக இத்தாலிக்குச் சென்றார். பத்தொன்பது வயது நிரம்புமுன்னரே குண்டு வெடித்துக் கால்களில் பலத்த காயமுற்றார். போருக்குப் பின் பாரிஸ் நகரில் வாழ்ந்து நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றார்.

கடல் அழைத்தது

1928இல் அவர் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ட் தீவுக்கு வந்தார். அங்கிருந்து கியூபா நாடு மிக அருகில் உள்ளது. இரண்டுக்கும் நடுவே கல்ஃப் ஸ்ட்ரீம் என்னும் வெப்ப நீரோட்டம் கடலுக்குள் ஓர் ஆறுபோல் கருநீல நிறத்தில் ஓடுகிறது. ஈட்டி போன்ற நீண்ட மூக்குடைய மார்லின் மீன்கள் அந்த நீரோட்டத்தின் வழியே செல்கின்றன. 1932இல் நண்பர் ஒருவரின் படகில் கியூபாவுக்குச் சென்ற ஹெமிங்வே, அந்த மீன்களுக்குத் தம் மனத்தைப் பறிகொடுத்தார்.

1934இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த வீலர் படகுக் கூடத்தில் 38 அடி நீளமுள்ள படகு ஒன்றைத் தமக்கென வாங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் பிலார். ஸ்பெயின் நாட்டின் சரகோசா நகரில் தூண் மாதாவுக்கு எழுப்பப்பட்ட புகழ்பெற்ற திருத்தலம் உள்ளது. அந்தத் தேவ அன்னையின் பெயரே பிலார். அது அவருடைய மனைவி பாலினுக்கும் செல்லப் பெயராக இருந்தது. படகில் இரண்டு எஞ்சின்கள் இருந்தன. பெரியது பயணத்திற்கு, சிறியது இரையை மெதுவாக இழுத்துச் செல்வதற்கு. பெரிய மீனை உள்ளே ஏற்ற வசதியாகப் பின்புறச் சுவரைத் தாழ்த்தி, அதன்மேல் ஓர் உருளைக் கட்டையையும் பொருத்தச் செய்தார்.

கோலைத் தேர்ந்தெடுக்கும் கலை

குளக்கரையில் கெண்டை பிடிக்க ஒரு மூங்கிற்கழி போதும். ஐந்நூறு பவுண்டு மார்லினுக்கு அது போதுமா? இங்கேதான் அறிவு தேவைப்படுகிறது.

அக்காலத்தில் ஹிக்கரி என்னும் உறுதியான மரத்தாலும், மூங்கிலைச் சிம்புகளாகப் பிளந்து ஆறு பட்டையாக ஒட்டியும் தூண்டிற்கோல்களைச் செய்தனர். கயிறு லினன் நூலால் முறுக்கப்பட்டது. நனைந்த நிலையில் இழை ஒன்றுக்கு 3 பவுண்டு வலிமை என்பது கணக்கு. அதன்படி 39 இழைக் கயிறு 117 பவுண்டு இழுவையைத் தாங்கும். மீனின் எடையோ அதைப்போல் நான்கைந்து மடங்கு! அப்படியானால் கயிறு ஏன் உடனே அறுந்து போவதில்லை? கோல் வளைந்து கொடுப்பதாலும், கயிறு சுற்றிய ரீலில் உள்ள தடை சற்றே நழுவி, மீன் பாயும்போது கயிற்றை ஓட விடுவதாலும்தான்.

ஆகவே கோலும் கயிறும் ரீலும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கோல் மிகவும் விறைப்பாக இருந்தால் மீன் திடீரெனத் திமிறும்போது கயிறு அறுந்துவிடும். மிகவும் துவண்டதாக இருந்தால், ஆழத்திற்குச் சென்றுவிட்ட மீனை மேலே தூக்க அதற்கு வலிமை இராது. மூங்கிற்கோல் நெடுநேரம் வளைந்தபடியே இருந்தால் மீண்டும் நிமிராமல் போவதும் உண்டு. லினன் கயிற்றை நாள்தோறும் உலர்த்தாவிட்டால் அது மக்கிவிடும். பிடிப்பவர் சுழலும் நாற்காலியில் அமர்ந்து, கோலின் அடியை அதிலுள்ள குழியில் ஊன்றி, தோளில் வார்ப்பட்டை மாட்டிக்கொண்டு போராடுவார். கோலை மேலே தூக்கி, அதைத் தாழ்த்தும்போது கயிற்றைச் சுற்றுவார், மறுபடியும் தூக்குவார். இப்படி மணிக்கணக்கில் நடக்கும்.

வளைந்து கொடுக்கவும் வேண்டும், முறிந்துவிடவும் கூடாது என்பது தூண்டிற்கோலுக்கு மட்டுமா? நம் வாழ்க்கைக்கும் அதுவே பாடம் என்று தோன்றுகிறது.

சுறாக்களோடு போராட்டம்

1935 ஏப்ரலில் ஹெமிங்வே பஹாமாஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த பிமினிக்குப் புறப்பட்டார். வழியில் தூண்டிலில் சிக்கிய சுறா ஒன்றைக் கைத்துப்பாக்கியால் சுட முயன்றபோது, குண்டு சிதறி அவருடைய இரு கால்களிலுமே பாய்ந்தது! திரும்பி வந்து சிகிச்சை பெற்று, சில நாள்களிலேயே மீண்டும் புறப்பட்டார்.

பிமினிக் கடலில் மிகப் பெரிய சூரை மீன்கள் இருந்தன. ஆனால் ஒருவராலும் அவற்றை முழுதாகக் கரை சேர்க்க இயலவில்லை. மீன் களைத்துத் தளரும் நேரத்தில் சுறாக்கள் கூட்டமாக வந்து கடித்துக் குதறிவிடும். பல மணி நேரம் உழைத்தவருக்குத் தலை மட்டுமே எஞ்சும். ஹெமிங்வே இதற்கு ஒரு வழி கண்டார். மீனுக்கு ஓய்வு கொடுக்கக் கூடாது. தாமும் ஓய்வு கொள்ளக் கூடாது. வலிமையான கோலையும் கயிற்றையும் கொண்டு, சுறாக்கள் வந்து சேருமுன் மீனைப் படகருகே கொணர்ந்துவிட வேண்டும். அவ்வாறே செய்து, அவ்வாண்டிலேயே சூரை மீன்களைச் சிதையாமல் முழுதாகக் கரைக்குக் கொண்டு வந்தார்.

ஆனால் அதே பருவத்தில் அவருடைய நண்பர் ஒருவர் பிடித்த மாபெரும் மார்லினைச் சுறாக்கள் சூழ்ந்துகொண்டன. ஹெமிங்வே சுறாக்களைச் சுட்டார். சிந்திய இரத்தமே மேலும் பல சுறாக்களை வரவழைத்தது. மீனின் சதையில் பெரும்பகுதி பறிபோயிற்று. இந்தக் காட்சி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்திருக்க வேண்டும்.

அவர் மீன்களைப் பிடித்ததோடு நில்லாமல் அவற்றை ஆராயவும் உதவினார். 1934இல் பிலடெல்பியாவின் இயற்கை அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் அவரது படகிலேயே சென்று மார்லின் இனங்களை ஆய்ந்தனர். அவர்களுள் ஒருவரான ஹென்றி ஃபவுலர், மறு ஆண்டு ஒரு மீனினத்திற்கு ஹெமிங்வேயின் பெயரையே சூட்டினார். 1939இல் நியூயார்க்கில் உலக விளையாட்டு மீன்பிடிச் சங்கம் தோன்றியது. ஹெமிங்வே அதன் துணைத் தலைவராக விளங்கினார். தூண்டிலிட்டவர் பிறர் உதவியின்றித் தாமே மீனைப் படகருகே கொணர வேண்டும், போராட்டத்தின் நடுவே கோல் முறிந்தால் அந்தச் சாதனை செல்லாது என்பன அச்சங்கத்தின் விதிகள்.

கோல் இல்லாத மீனவர்

இத்தனை கருவிகளையும் விதிகளையும் அறிந்த ஹெமிங்வே, தம் புகழ்மிக்க கதையில் யாரை வீரராக்கினார்? விலையுயர்ந்த கோல் பிடித்த செல்வரையா? இல்லை. கோலும் ரீலும் நாற்காலியும் இல்லாத ஒரு கிழவரை! இதை எண்ணும்போதுதான் அவர்மீது நமக்கு மதிப்பு உயர்கிறது.

கியூபாவின் மீனவர்கள் சிறு தோணியில் தனியே சென்று கைத்தூண்டிலாலேயே மார்லின் பிடித்து வந்தனர். கயிறு உள்ளங்கையை அறுக்கும். வளைந்து கொடுக்க அங்கே கோல் இல்லை, மனித முதுகே உண்டு. அப்படிப் பிடித்த பெருமீனைச் சுறாக்களிடம் பறிகொடுத்த ஒரு கிழவரின் கதையைக் கேட்டு, 1936இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் சுருக்கமாக எழுதினார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அது அவர் உள்ளத்தில் ஊறியது. 1952இல் கிழவனும் கடலும் என்ற நாவலாக மலர்ந்தது. அதை முழுமையாக வெளியிட்ட லைஃப் இதழ் இரண்டே நாள்களில் ஐம்பது இலட்சம் பிரதிகள் விற்றதாம்! 1953இல் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

கதையின் நாயகர் பெயர் சந்தியாகோ. நாம் வணங்கும் சந்தியாகப்பரின் பெயரே அது. அவரும் கலிலேயா மீனவர் அல்லவா? எண்பத்து நான்கு நாள் மீனே கிட்டாத கிழவர் தனியே கடலுக்குச் செல்கிறார். தம் தோணியைவிட நீளமான மார்லின் சிக்குகிறது. அதைப் பிடித்துவிட்டால் பத்துப் பரலோக மந்திரமும் பத்து அருள் நிறைந்த மந்திரமும் சொல்வதாகவும், கோப்ரே மாதா கோயிலுக்குத் திருயாத்திரை செல்வதாகவும் நேர்ந்துகொள்கிறார். மீனை வெல்கிறார், சுறாக்களிடம் இழக்கிறார். எலும்புக்கூட்டோடு கரை சேர்ந்தாலும், அவருடைய மன உறுதி குலையவில்லை.

மாதாவுக்குக் காணிக்கை

1954 தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து இரண்டு விமான விபத்துகளில் சிக்கி ஹெமிங்வே உயிர் தப்பினார். அவ்வாண்டு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, உடல்நலக் குறைவால் ஸ்டாக்ஹோம் நகருக்குச் சென்று அதைப் பெற இயலவில்லை. தமக்கு வந்த தங்கப் பதக்கத்தை அவர் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. கியூபா மக்களுக்கே அதை அளித்தார். அது கோப்ரே மாதா திருத்தலத்தில் வைக்கப்பட்டது. அந்த மாதாவின் திருவுருவம், கடலில் மிதந்து வந்தபோது தோணியில் சென்ற மூன்று ஏழைகளால் கண்டெடுக்கப்பட்டது என்பது மரபு. 1916இல் பாப்பரசர் பதினைந்தாம் பெனடிக்ட் அந்த அன்னையைக் கியூபாவின் பாதுகாவலியாக அறிவித்தார். கதையில் கிழவர் நேர்ந்துகொண்ட பொருத்தனையைக் கதாசிரியரே நிறைவேற்றியது போல் இல்லையா?

ஹெமிங்வே குற்றமற்றவர் என்று நாம் கூற வரவில்லை. அவரது இல்வாழ்வில் அமைதி நிலைக்கவில்லை. மதுப்பழக்கமும் அவரை வாட்டியது. இறுதிக் காலத்தில் உடல் நோயோடு உள நோயும் சேர்ந்துகொண்டது. 1960இல் கியூபாவை விட்டு நீங்கினார். 1961ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் ஐடஹோ மாநிலத்தின் கெட்சம் நகரில் தம் கையாலேயே தம் உயிரை முடித்துக்கொண்டார். நோயுற்ற உள்ளத்தின் வேதனையை அளக்க வல்லவர் இறைவன் ஒருவரே. நாம் தீர்ப்பிடாமல் அவருக்காக மன்றாடுவோம். அத்தகைய வேதனையில் இருப்போரைத் தனியே விடாமல் உடன் நிற்பதும் நம் கடமையாகும்.

இன்று தூண்டிற்கோல்கள் கண்ணாடி இழையாலும் கார்பன் இழையாலும் செய்யப்படுகின்றன. மார்லின் இனம் குறைந்து வருவதை உணர்ந்து, பிடித்த மீனுக்கு அடையாளச் சீட்டு மாட்டி உயிரோடு கடலிலேயே விட்டுவிடும் வழக்கமும் பரவியுள்ளது. மீனுக்கும் ஒரு வாய்ப்பு என்ற அந்தப் பழைய கொள்கை இன்னும் மேலான நிலையை அடைந்திருக்கிறது. பிலார் படகு ஹவானா அருகே அவர் வாழ்ந்த வீட்டில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

எல்லாவற்றிலும் நம் நெஞ்சைத் தொடுவது கோஹிமார் மீனவர்களின் செயலே. கதையில் வரும் கடலோரக் கிராமம் அதுவே. ஹெமிங்வே மறைந்த செய்தி கேட்டு, அவருக்குச் சிலை எழுப்ப அவ்வூர் மீனவர்கள் விரும்பினர். கையில் பணம் இல்லை. தங்கள் படகுகளின் பழைய சுழல்விசிறிகளையும் பித்தளை வெண்கலத் துண்டுகளையும் கொண்டு வந்து கொடுத்தனர். அவற்றை உருக்கி வார்த்த அவரது மார்பளவுச் சிலை, இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. ஏழை மீனவரை உலகறியச் செய்த எழுத்தாளருக்கு அந்த ஏழைகள் அளித்த பரிசு அது. நோபல் பதக்கத்தைவிட அந்த வெண்கலமே பெரிது என்று நாம் கருதுகிறோம்.