விழக் கற்றுக்கொடுத்த ஆசான்

எட்டாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராகக் குட்டிக்கரணம் போடச் சொன்னார்கள். விரிப்பு எதுவும் இல்லை. மைதானத்தின் இறுகிய மண்தான் மெத்தை. கைகளை எங்கே ஊன்றுவது, தலையை எப்படி மடக்குவது என்று எவரும் சொல்லித்தரவில்லை. எனக்கு முன்னால் நின்ற நண்பன் உச்சந்தலையை மண்ணில் ஊன்றிப் புரண்டான். பல வாரங்கள் அவனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வலி போன பிறகும் அச்சம் போகவில்லை. பள்ளியை விட்டுச் செல்லும்வரை விளையாட்டு வேளையில் அவன் வகுப்பறையிலேயே தங்கிவிடுவான்.

அண்மையில் பேத்திக்குத் துணையாக அவளது ஜூடோ வகுப்புக்குச் சென்றேன். முதல் சில வாரங்கள் அங்கே யாரும் யாரையும் தூக்கி வீசவில்லை. குழந்தைகள் விழுவதற்கு மட்டுமே பழகிக்கொண்டிருந்தார்கள். முதலில் படுத்த நிலையில், அடுத்துக் குந்திய நிலையில், அதன் பின்னரே நின்ற நிலையில். இப்படியொரு கல்வியின் மூலவர் யார் என்று தேடியபோதுதான் ஜிகோரோ கானோவின் வாழ்க்கையை முழுமையாக அறிந்தேன். ஜூடோவை உருவாக்கியவர் என்று உலகம் அறிந்த அவர், அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர்.

1860-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள், இன்றைய கோபே நகரின் பகுதியான மிகாகேயில் அவர் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்து, தந்தையுடன் டோக்கியோவுக்கு வந்தார். படிப்பில் சூட்டிகை, உடலோ மெலிந்தது. விடுதிப் பள்ளியில் வலுத்த மாணவர்களிடம் அடிபட்ட அவர், உருவில் சிறியவனும் பெரியவனை வீழ்த்தலாம் என்று ஜுஜுட்சு கலையைப் பற்றிக் கேள்விப்பட்டார். பழைய போர்க்கலைகள் மதிப்பிழந்துவிட்ட காலம் அது. ஆசான்களைத் தேடி அலைந்து, பதினேழாவது வயதில் ஃபுகுதா ஹாச்சினோசுகே என்பவரிடம் சேர்ந்தார்.

அங்கே நடந்ததாகக் கூறப்படும் ஒரு நிகழ்ச்சி என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. ஒரு பிடியை எப்படிச் செய்வது என்று கானோ கேட்க, ஆசான் விடை சொல்லாமல் அவரைத் தூக்கி வீசினாராம். மறுபடியும் கேட்க, மறுபடியும் வீசினாராம். பல முறை விழுந்தால் தானே விளங்கும் என்பதே அக்காலக் கல்வி முறை. உடலெங்கும் காயங்களோடு, களிம்பு பூசிக்கொண்டு நடமாடிய அந்த இளைஞர் ஆசானை வெறுக்கவில்லை. ஆனால், தாம் ஆசிரியரானபோது ஒவ்வோர் அசைவுக்கும் காரணம் சொல்லிக் கற்பித்தார். வலியைத் தாங்குவதே கல்வி என்ற எண்ணத்தை மாற்றுவதில் அவருடைய வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதி கழிந்தது.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1881-இல் பட்டம் பெற்று, மறு ஆண்டே கக்குஷுயின் பள்ளியில் ஆசிரியரானார். அதே 1882-இல் எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில் பன்னிரண்டு பாய்கள் விரித்த சிறு கூடத்தில் கோடோகான் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். அவர்கள் விழுந்த அதிர்ச்சியில் கோயிலில் வைத்திருந்த முன்னோர் நினைவுப் பலகைகள் ஆடின என்றும், உடைந்த தரைப் பலகைகளைச் சீராக்க இரவில் விளக்கோடு தரைக்கு அடியில் ஊர்ந்து சென்றவர் கானோவே என்றும் சொல்கிறார்கள். மாணவன் விழும் இடம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது ஆசிரியரின் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பழைய கலையிலிருந்து அவர் எவற்றைத் தள்ளினார், எவற்றை வைத்துக்கொண்டார் என்பதில் அவருடைய அறிவு விளங்குகிறது. உயிருக்கு ஆபத்தான அடிகளையும் முறுக்குகளையும் ஆட்டப் பயிற்சியிலிருந்து நீக்கி, முறைப்படுத்தப்பட்ட செய்முறைகளுக்குள் மட்டும் வைத்தார். உகெமி எனப்படும் விழும் முறையை அடிப்படைப் பாடமாக்கினார். மோவாயை மார்போடு சேர்த்து இடுப்புக் கச்சையைப் பார்ப்பது, தரையைத் தொடும் கணத்தில் கையால் பாயை அறைந்து அதிர்ச்சியைப் பரப்புவது, முன்னோக்கிப் புரளும்போது ஒரு தோளிலிருந்து எதிர்ப்புற இடுப்புக்குக் குறுக்காக உருள்வது ஆகியவை அதன் கூறுகள். தலையும் முதுகெலும்பும் நேராக அடிபடாமல் காப்பதே நோக்கம்.

பள்ளிக் குட்டிக்கரணத்துக்கும் நோக்கம் இதுதான். உள்ளங்கைகள் இரண்டும் விரிப்பில் பதிய வேண்டும். இடுப்பு உயர வேண்டும். மோவாய் மார்பில் ஒட்டியிருக்க, உடலின் பாரத்தைக் கைகள் ஏந்த, தோள்களின் பின்புறத்தில் உருள வேண்டும். உச்சந்தலையில் பாரம் இறங்கக் கூடாது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். என் நண்பனுக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

1893-இல் ஆசிரியர்களை உருவாக்கும் டோக்கியோ உயர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவரான கானோ, இடைவெளிகளுடன் 1920 வரை அப்பொறுப்பில் இருந்தார். சீன மாணவர்களுக்காக அவர் நடத்திய பள்ளியில்தான் பின்னாளில் பெரும் எழுத்தாளரான லூ சுன் படித்தார். 1909-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியரும் கானோவே. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்கு ஜப்பான் அனுப்பிய இரண்டு வீரர்களில் ஒருவர் அவருடைய கல்லூரி மாணவரான கனகுரி ஷிசோ. மாரத்தானில் வெயில் தாளாமல் மயங்கி, ஓட்டத்தை முடிக்காமலே திரும்பினார். ஆனாலும் அவர் ஒதுங்கிவிடவில்லை. 1920, 1924 ஒலிம்பிக் போட்டிகளிலும் ஓடினார்.

1940 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குக் கொண்டுவர முதுமையிலும் உழைத்த கானோ, கெய்ரோவில் நடந்த கூட்டத்தில் கலந்துகொண்டு திரும்பும் வழியில், 1938 மே 4-ஆம் நாள் ஹிகாவா மாரு கப்பலில் காலமானார். வயது 77. சில வாரங்களிலேயே, போரில் இறங்கியிருந்த ஜப்பான் அந்தப் போட்டியை நடத்தும் வாய்ப்பைக் கைவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக் 1964-இல்தான் நடந்தது. அதில் ஜூடோவும் இடம்பெற்றது.

இதோடு முடித்துவிட்டால் வரலாறு அழகாகத்தான் இருக்கும். ஆனால், கானோவின் நாட்டிலேயே 1983 தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பள்ளி ஜூடோவில் இறந்த மாணவர்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. தலைக்காயமே பெரும் காரணம். இறந்தவர்களில் பலர் புதிதாகச் சேர்ந்தவர்கள். விழக் கற்பதற்கு முன்பே வீசப்பட்டவர்கள். பெற்றோரும் ஆய்வாளர்களும் எழுப்பிய குரலுக்குப் பிறகே பாதுகாப்பு விதிகள் இறுகின. மூலவர் வகுத்த முறை ஏட்டில் இருந்தால் போதாது, ஒவ்வொரு தலைமுறை ஆசிரியரும் அதைக் களத்தில் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே இந்தத் துயரம் சொல்லும் பாடம்.

நம் பள்ளிகளில் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. மிஞ்சும் வேளையிலும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே ஆசிரியர் மேய்க்க வேண்டிய நிலை. இந்தச் சூழலில் ஒரு விரிப்பு கேட்பது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் வாழ்நாளில் விழாத மனிதர் எவரும் இல்லை. சைக்கிளிலிருந்தோ, ஈரத் தரையிலோ, முதுமையில் குளியலறையிலோ எல்லோரும் விழத்தான் போகிறோம். தலையைக் காத்து விழுவது நீச்சலைப் போல உயிர் காக்கும் கல்வி.

ஒவ்வொரு பள்ளிக்கும் சில விரிப்புகள், முறையாகப் பயின்ற ஓர் உடற்கல்வி ஆசிரியர், படிப்படியான பாடம், அஞ்சி நிற்கும் குழந்தையை வற்புறுத்தாத பொறுமை ஆகியவை போதும். கானோ தொடங்கியதும் பன்னிரண்டு பாய்களோடுதான்.